பழைய டூ ஸ்ட்ரோக் பைக் எஞ்சின்: இனம் காண்பது முதல் மறுபடி ஓட்டுவது வரை

மாட்டுக் கொட்டகையிலோ நெல் மூட்டைகளுக்குப் பின்னாலோ பல வருஷம் கிடந்த சின்ன டூ ஸ்ட்ரோக் எஞ்சினை மறுபடி ஓட வைக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். 50 சி.சி. மொபெட்டில் தொடங்கி ராஜ்தூத் 175 வரை, ஒற்றைச் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எல்லாவற்றுக்கும் வேலையின் வரிசை ஒன்றுதான். அளவுகள்தான் மாறும். புல்லட் மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இது பொருந்தாது.

நான் முதன்முதலில் பிரித்தது அப்பாவின் 100 சி.சி. வண்டி. சிலிண்டரை மட்டும் கழற்றிப் போர் அடித்து (உள்துளையைக் கடைந்து கொஞ்சம் பெரிதாக்கி), புதுப் பிஸ்டன் போட்டேன். இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. அன்று சாயங்காலமே கும்பகோணத்தில் இருந்து தஞ்சாவூருக்குக் கிளம்பினேன். பாபநாசம் தாண்டி அய்யம்பேட்டை வருவதற்குள் எஞ்சின் இழுத்துப் பிடித்தது, பின்சக்கரம் ரோட்டில் தேய்ந்தபடி வண்டி நின்றது. பிரித்துப் பார்த்தால் புதுப் பிஸ்டனில் நகத்தால் கீறியது போல நீளநீளமாகக் கோடுகள்.

பிஸ்டனிலும் போரிலும் தப்பு இல்லை. மேக்னெட் (கரண்ட் தரும் காந்தச் சக்கரம்) பக்கத்தில், கிராங்க் முனையைச் சுற்றிக் காற்றைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் பழசாகி, ரப்பர் என்றே சொல்ல முடியாதபடி இறுகிக் கிடந்தது. அதன் வழியே காற்று உள்ளே போனதால் பெட்ரோலும் ஆயிலும் குறைந்த கலவையில் ஓடி, சூடேறிப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு என்னிடம் எஞ்சின் கொண்டுவந்த பையன்கள் பலர் இதே இடத்தில்தான் தடுக்கினார்கள். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறைதான் கலவையை இழுத்து மேலே தள்ளும் பம்ப். அது கசிந்தால் மேலே போடும் காசெல்லாம் வீண். அதனால் இந்த வேலையைக் கீழிருந்து மேலே செய்ய வேண்டும்.

1. இது என்ன எஞ்சின்?

முதலில் டூ ஸ்ட்ரோக்தானா என்று பாருங்கள். சைலென்சர் பைப் சிலிண்டர் உடம்பில் இருந்து புறப்பட்டு, ஹெட் வெறும் ஃபின் (குளிர்விக்கும் தகடுகள்) வைத்த மூடியாக இருந்தால் டூ ஸ்ட்ரோக். பைப் ஹெட்டில் இருந்து வந்தால், அங்கே வால்வு இருக்கிறது, அது ஃபோர் ஸ்ட்ரோக்.

அடுத்து எஞ்சின் எண். பெரும்பாலும் கேஸின் (கிராங்கை மூடியிருக்கும் எஞ்சின் கூடு) மேல்பக்கத்திலோ பக்கவாட்டில் ஒரு சின்ன மேடையிலோ குத்தியிருக்கும். மேலே கிரீஸும் மண்ணும் கெட்டிப்பட்டிருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் போர்த்தி ஊற வைத்து, பிரஷால் தேய்த்து எடுங்கள். எம்ரித்தாள், கம்பி பிரஷ், கிரைண்டர் எதுவும் அந்த மேடையில் படக்கூடாது. எழுத்து மங்கிவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் நீங்கள் என்ன சொன்னாலும் எடுபடாது. எழுத்து தெரிந்ததும் மேலே வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

எண்ணை மட்டும் நம்பி உதிரி வாங்கக் கூடாது. இந்த வண்டிகளில் சிலிண்டர் மாற்றுவது சர்வசாதாரணம். யமஹா ஆர்.எக்ஸ். 100-இல் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ. அதற்குப் பின் வந்த ஆர்.எக்ஸ். 135-இலும் ஸ்ட்ரோக் அதே 50தான், போர் மட்டும் 58. கேஸில் 100 என்று எண் இருக்கும், மேலே 135 சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். அதனால் இரண்டையும் அளந்து கணக்குப் போடுங்கள். போரைச் சென்டிமீட்டரில் அதே எண்ணால் பெருக்கி, அதை ஸ்ட்ரோக்கால் பெருக்கி, கடைசியில் 0.785-ஆல் பெருக்கினால் சி.சி. வந்துவிடும். 5 × 5 × 5 × 0.785 என்றால் 98. போர் 5.8 என்றால் 132.

ஸ்ட்ரோக்கை அளக்கப் பிளக் துளை வழியே குச்சி விட்டுப் பார்ப்பார்கள். துளை சாய்வாக இருந்தால் அந்த அளவு பொய் சொல்லும். ஊதுபத்திக் குச்சி என்றால் உள்ளேயே ஒடிந்தும் போகும். ஹெட்டைக் கழற்றிய பிறகு டெப்த் கேஜ் வைத்து அளப்பதே சரி. அதுவரை எண்ணையும் வெளித் தோற்றத்தையும் வைத்து ஒரு யூகத்தோடு இருங்கள்.

தோற்றத்தில் சில அடையாளங்கள் தப்பாது. உதைக்கிற லீவரே கியர் லீவராகவும் இருந்தால் அது ஜாவா அல்லது யெஸ்டி, மைசூரில் செய்தது. டேங்க் ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996-இல் நின்றுவிட்டது. இன்று பளபளவென்று அந்தப் பெயரோடு விற்பனைக்கு நிற்கும் வண்டியில் எது அசல், எது ஒட்டியது என்று பார்ப்பது உங்கள் வேலை.

2. காகிதம் முதலில்

ஆர்.சி. புக்கில் உள்ள எஞ்சின் எண்ணும் நீங்கள் பென்சிலில் எடுத்த எண்ணும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஸ்பானரை எடுக்காதீர்கள். வேறு எஞ்சின் மாற்றியிருந்தால் அதை ஆர்.சி.யில் பதிந்திருக்க வேண்டும். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம், அதற்குப் பின் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. பல வருஷம் புதுப்பிக்காத வண்டி என்றால், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

3. காலமும் இடமும் கருவியும்

டெல்டாவில் இந்த வேலைக்கு ஏற்ற காலம் மாசியில் இருந்து ஆனி வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கேஸைப் பிளக்காதீர்கள். கழுவித் துடைத்து வைத்த கிராங்கில் மறுநாள் காலையில் செம்மண் பூசியது போலத் துரு படிந்திருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக்காற்றும் சேரும், அங்கே எந்தக் காலமானாலும் கழுவிய இரும்பில் உடனே ஆயில் தடவிவிட வேண்டும்.

இடம் நெல் தூசியும் வைக்கோலும் இல்லாததாக இருக்கட்டும். சிமெண்டுத் தரையில் பழைய வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். வெள்ளையில் விழுந்தால்தான் சின்ன ஸ்பிரிங்கும் லாக்கும் கண்ணில் படும்.

ரிங் ஸ்பானர், பாக்ஸ் ஸ்பானர் செட் போக இவையும் கட்டாயம்: அந்த எஞ்சினுக்குரிய மேக்னெட் புல்லர், கிளட்ச் ஹோல்டர், இம்பாக்ட் ஸ்க்ரூ டிரைவர், சர்க்லிப் பிளையர், ஃபீலர் கேஜ், வெர்னியர். புல்லர் கைக்கு வராமல் வேலையைத் தொடங்காதீர்கள். சுத்தியலால் தட்டி மேக்னெட்டை எடுத்தால் கிராங்க் முனை வளையும். அதற்குப் பின் ஆகும் செலவில் பத்து புல்லர் வாங்கலாம்.

பழைய பேக்கிங்கிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காய்ந்தபடி சுரண்டித் தூசி கிளப்பாமல், ஆயில் போட்டு ஈரமாக்கிச் சுரண்டுங்கள். கழுவப் பெட்ரோல் வேண்டாம். டீசலோ மண்ணெண்ணெயோ போதும்.

4. உதைத்துப் பார்க்காதீர்கள்

எஞ்சின் கிடைத்ததும் எல்லோரும் முதலில் செய்வது கிக்கரை உதைப்பது. பிஸ்டன் துருவில் ஒட்டியிருந்தால் கிக்கர் பல்லு உடையும். தண்ணீரில் மூழ்கிய எஞ்சின் என்றால் உள்ளே வண்டல் இருக்கும். ஒரே உதையில் அது போரையும் பேரிங்கையும் அரைத்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு தண்ணீரில் நின்ற வண்டிகளை உதைத்து உதைத்தே பலர் கெடுத்தார்கள்.

பிளக்கைக் கழற்றுங்கள். டீசலும் 2டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) சமபாகம் கலந்து, துளை வழியே 30 மில்லி ஊற்றி மூன்று நாள் விடுங்கள். பிறகு கிக்கரைத் தொடாமல், மேக்னெட் நட்டில் ஸ்பானரைப் போட்டு மிதமாக அசைத்துப் பாருங்கள். அசையவில்லையென்றால் இன்னும் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். அவசரப்பட்டு நீளக் குழாய் மாட்டி இழுப்பவர்கள் கிராங்கைத்தான் திருகுவார்கள்.

கார்புரேட்டர் வாயையும் சைலென்சர் வாலையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊரில் குளவிக்குப் பிடித்த இடங்கள் இவை. ஒருமுறை ஒரு தம்பி, “அண்ணே, எல்லாம் சரியா இருக்கு, ஆனா ஸ்டார்ட் ஆகவே மாட்டேங்குது” என்று மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான். சைலென்சர் வாலுக்குள் விரல் நீளத்துக்குக் களிமண் குழல்கள், வரிசையாக நாலு, ஒவ்வொன்றிலும் காய்ந்த புழு. கம்பியால் குத்தி எடுத்ததும் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

5. கழற்றும் வரிசை

புதியவர்கள் எஞ்சினை ஃபிரேமில் இருந்து இறக்கி, திண்ணையில் வைத்துக்கொண்டு, பிறகுதான் பெரிய நட்டுகளோடு மல்லுக்கட்டுவார்கள். தலைகீழ் வேலை இது. முன் ஸ்பிராக்கெட் நட்டு, மேக்னெட் நட்டு, கிளட்ச் நட்டு, கிராங்க் பல்சக்கர நட்டு ஆகியவற்றை எஞ்சின் ஃபிரேமில் இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். டாப் கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை மிதித்துக்கொண்டால் வண்டியே எஞ்சினை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கிளட்ச் பிளேட்டுகளைக் கழற்றிவிட்டால் அந்தப் பிடி கிராங்க் வரை போகாது. அதனால் கிராங்க் நட்டுகளை முதலில் தளர்த்துங்கள், கிளட்ச் பிறகு. கியர் இல்லாத மொபெட்டுக்கு இந்த வழி உதவாது, ஹோல்டர்தான் வேண்டும். சில எஞ்சினில் சில நட்டுகள் இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் தளரும். முரண்டு பிடித்தால் பலத்தைக் கூட்டும் முன் மரையின் சரிவைப் பாருங்கள்.

ஸ்டார் ஸ்க்ரூக்களுக்கு இம்பாக்ட் டிரைவர். கை டிரைவர் ஒரே ஒரு தடவை வழுக்கினாலும் தலை மழுங்கிவிடும், அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அட்டைப்பெட்டி மூடி ஒன்றில் கவரின் உருவத்தை வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளங்கள் வேறுவேறு. நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால் கேஸ் விரிசல் விடும். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுங்கள், குறிப்பாக கிளட்ச் வாஷர்களின் வரிசையை.

சிலிண்டரைத் தூக்கிய உடனே கேஸ் வாயில் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். சர்க்லிப் (பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் கம்பி வளையம்) உள்ளே விழுந்தால், கேஸைப் பிளக்க நினைக்காதவரும் பிளந்தே ஆகவேண்டும்.

கேஸ் இரண்டையும் பிரிக்கும்போது ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் நுழைத்து நெம்பக் கூடாது. அந்த முகம்தான் காற்றைத் தடுக்கும் முகம். ஒரு கீறல் விழுந்தாலும் கசியும். எல்லா ஸ்க்ரூவும் எடுத்தாயிற்றா என்று மறுபடி எண்ணிவிட்டு, புளியங்கட்டையால் கிராங்க் முனையை மெதுவாகத் தட்டினால், இல்லையென்றால் கேஸ் புல்லர் வைத்து அழுத்தினால், சமமாகப் பிரியும்.

6. கிராங்க்: எல்லாவற்றையும் தீர்மானிக்கும் சோதனை

கனெக்டிங் ராடை மேலே தூக்கிப் பிடித்து, நேராக மேலும் கீழும் இழுத்து அமுக்குங்கள். கொஞ்சம்கூட ஆட்டம் தெரியக் கூடாது. ‘டக்’ என்று ஒரு சின்னத் தட்டல் கையில் பட்டாலும் பிக் எண்டு பேரிங் (ராடின் அடி முனையில் இருப்பது) போய்விட்டது. இந்தச் சோதனையை ஆயில் கழுவிய பிறகு செய்யுங்கள். பழைய கெட்டி ஆயில் ஆட்டத்தை மறைத்துவிடும்.

இடமும் வலமுமாக ராடு நகர்வது வேறு விஷயம். அது இருக்க வேண்டிய இடைவெளி. அதைக் கண்டு பயந்து, நல்ல கிராங்கைப் பிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடி முனையில் பக்கவாட்டு இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளந்து, சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ராடு கிட் போட வேண்டியிருந்தால், பிரஸ்ஸும் டயல் கேஜும் வைத்துக் கிராங்க் வேலை செய்யும் லேத் பட்டறையில் மட்டும் கொடுங்கள். சேர்த்த பிறகு இரண்டு முனைகளும் ஒரே நேர்க்கோட்டில் சுழல வேண்டும். ஆட்டம் 0.03 மி.மீ.க்குள் இருந்தால் நல்ல வேலை. “சென்டர் எவ்வளவு வந்துச்சு அண்ணே?” என்று கேளுங்கள். டயல் கேஜில் ஓட்டிக் காட்டுபவரிடம் கொடுங்கள். செம்புச் சுத்தியலால் தட்டி, கண்ணால் பார்த்து “சரியா இருக்கு தம்பி” என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். சென்டர் தப்பிய கிராங்க் புது பேரிங்கையும் சீலையும் சீக்கிரமே தின்றுவிடும்.

சீல் உட்காரும் இடத்தில் கிராங்க் முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். பழைய சீல் உரசி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நகம் அதில் தடுக்கினால், புதுச் சீலை ஒரு மி.மீ. முன்னேயோ பின்னேயோ தள்ளி உட்கார வைக்க முடியுமா என்று பாருங்கள். அதே பள்ளத்தில் புதுச் சீலின் உதட்டை வைப்பதில் பிரயோஜனம் இல்லை.

7. பேரிங், சீல், கேஸ் சேர்ப்பது

கேஸைத் திறந்தாகிவிட்டால் கிராங்க் பேரிங் இரண்டும், சீல் எல்லாமும் புதுசு. பழசு நன்றாகத்தான் சுற்றுகிறது என்று தோன்றினாலும் மாற்றுங்கள். மறுபடி கேஸைப் பிளக்கும் உழைப்போடு ஒப்பிட்டால் இந்தச் செலவு சின்னது.

பேரிங்கின் மேல் பொறித்த எண்ணை அப்படியே குறித்துக்கொண்டு போங்கள். எண்ணோடு ‘சி3’ என்று இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். கடையில் அந்த எழுத்து இல்லாததைக் கொடுத்து “எல்லாம் ஒண்ணுதான்” என்பார்கள். ஒன்றல்ல. சி3 என்றால் குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் நடுவே கொஞ்சம் கூடுதல் இடைவெளி. இறுக்கமாகப் பொருத்தி, சூடேறும்போது அந்த இடைவெளி குறைந்து சரியாகிவிடும். சாதா பேரிங் இறுகிப் போய் அலறும்.

பேரிங்கை அடித்து இறக்காதீர்கள். முந்தின ராத்திரியே அதைப் பாலித்தீன் பையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் அடி கனமான தோசைக்கல்லை மிதமான தீயில் வைத்து, நன்றாகக் கழுவி உலர்த்திய கேஸை அதன் மேல் வையுங்கள். கேஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சுரீர் என்று உடனே ஆவியாக வேண்டும். அந்தச் சூட்டில் பேரிங் தானே உள்ளே இறங்கி உட்காரும். பெட்ரோல் வாடை துளியாவது இருக்கும் கேஸை அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள். ரப்பர் சீலை கேஸ் ஆறிய பிறகுதான் போட வேண்டும்.

சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் பொதுவாகக் கிராங்க் அறையை நோக்கி இருக்கும். கழற்றும்போது எடுத்த படத்தோடு ஒப்பிட்டுவிட்டுப் போடுங்கள். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவாமல் கிராங்கை நுழைத்தால், முதல் நிமிஷத்திலேயே உதடு கருகும்.

கேஸ் முகங்களில் பேக்கிங் இல்லாத மாடல் என்றால் பெட்ரோல் தாங்கும் லிக்விட் கேஸ்கெட்டை மெல்லிசாகத் தடவுங்கள். பாத்ரூம் வேலைக்குப் போடும் சிலிகான் பெட்ரோலில் ஊறி உரிந்து கார்புரேட்டர் வழிகளை அடைக்கும். கேஸை மூடியதும் கிராங்க் கையால் சுலபமாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் ஸ்க்ரூவை முறுக்கிச் சரிசெய்ய நினைக்காமல், திறந்து காரணத்தைத் தேடுங்கள்.

8. போரும் பிஸ்டனும்

சிலிண்டர் உள்சுவரில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு லைனர், போர் அடிக்கலாம். ஒட்டாவிட்டால் அலுமினியத்தின் மேல் கெட்டிப் பூச்சு, அதைப் போர் அடிக்கக் கூடாது.

போரை மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அளந்து எழுதுங்கள். ஒரே இடத்தில் அளந்துவிட்டுத் தேய்மானம் இல்லை என்று முடிவு செய்வது வழக்கமான தப்பு. எக்ஸாஸ்ட் துளையை ஒட்டித்தான் அதிகம் தேய்ந்திருக்கும்.

பிஸ்டனை முதலில் வாங்குங்கள், அதற்குப் பிறகுதான் சிலிண்டரும் பிஸ்டனுமாகச் சேர்த்து லேத்துக்குப் போக வேண்டும். 0.25, 0.50 என்று ஓவர்சைஸ் அளவு பெட்டியில் எழுதியிருந்தாலும், உள்ளே இருக்கும் பிஸ்டன் அந்த அளவில் நூலிழை முன்பின் இருக்கும். கையில் இருக்கும் பிஸ்டனுக்குத்தான் போர் அடிக்க வேண்டும். காற்றால் குளிரும் சின்ன எஞ்சினில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி பெரும்பாலும் 0.04 மி.மீ. பக்கம் வரும். மேனுவலில் உங்கள் மாடலுக்குள்ள எண்ணைப் பார்த்து லேத்காரரிடம் எழுதிக் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் அவர் கைப்பழக்கத்துக்கு ஓட்டிவிடுவார்.

போர் முடிந்து வந்ததும், கலவையும் புகையும் போய்வரும் போர்ட் துளைகளின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கத்திமுனை போல இருந்தால் நுண் எம்ரியால் லேசாக மழுக்க வேண்டும், இல்லையென்றால் ரிங் அதில் சிக்கி உடையும். பிறகு வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். டீசலில் கழுவினால் ஹோனிங் (சுவரை நுணுக்கமாக உரசும் கடைசி வேலை) தூள் சுவரின் கோடுகளுக்குள் தங்கிவிடும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவி, துடைத்த கையோடு 2டி ஆயில் தடவிவிடுங்கள்.

ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, முனைகளின் இடைவெளியை அளங்கள். 50 மி.மீ. போருக்கு 0.15-இல் இருந்து 0.35 மி.மீ. வரை இருந்தால் சரி.

பிஸ்டன் தலையில் உள்ள அம்பு எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் முனைகள் காடியில் உள்ள சின்ன ஊசிகளின் இருபுறமும் உட்கார வேண்டும். சர்க்லிப் எப்போதும் புதுசு, அதன் வாய் மேலேயோ கீழேயோ இருக்கட்டும், பக்கவாட்டில் வேண்டாம். சிலிண்டரை இறக்கும்போது சுற்றிச் சுற்றித் திருகாதீர்கள், ரிங் முனை போர்ட்டில் மாட்டும். நேராக இறக்கி, ரிங்கை விரலால் அமுக்கிக் கொடுங்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில் முறுக்குங்கள்.

9. கசிவுச் சோதனை

அனேகமாக யாரும் செய்யாத வேலை இது. அய்யம்பேட்டையில் நின்ற நாளுக்குப் பிறகு நான் இதைச் செய்யாமல் ஒரு எஞ்சினையும் மூடியதில்லை. மேக்னெட்டும் கிளட்ச்சும் மாட்டும் முன்பே செய்யுங்கள், அப்போதுதான் இரண்டு சீல்களும் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அந்தத் துளையில் ரப்பர் குழாயை எபாக்சியால் ஒட்டுங்கள். மறுமுனையில் பி.பி. பார்க்கும் கருவியின் பம்ப்பையும் மீட்டரையும் இணையுங்கள், மெடிக்கல் கடையில் கிடைக்கும் முள் மீட்டர் வகைதான். கார்புரேட்டர் மாட்டும் வாயையும் எக்ஸாஸ்ட் வாயையும் சைக்கிள் டியூப் துண்டும் தகடும் வைத்து அடையுங்கள். ஆயில் பம்ப் குழாய் வரும் துளையையும் மறக்காமல் மூடுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்தால் போர்ட்டுகள் திறந்து, மேலும் கீழும் ஒரே அறையாகிவிடும்.

முள் 250-ஐத் தொடும்வரை மெதுவாக அமுக்குங்கள். 300-க்கு மேல் வேண்டாம், சீல் உதடு பிதுங்கும். ஐந்து நிமிஷத்துக்கு முள் ஏறக்குறைய அங்கேயே நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீரைப் பிரஷால் தொட்டு, சீல், கேஸ் இணைப்பு, சிலிண்டர் அடி, ஹெட் என்று ஒவ்வொரு இடமாகத் தடவுங்கள். கசியும் இடத்தில் கடுகுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும். கியர்பாக்ஸ் காற்றுத் துளையிலும் தடவிப் பாருங்கள். அங்கே குமிழி வந்தால் கிளட்ச் பக்கத்துச் சீல் கசிகிறது என்று அர்த்தம்.

10. கார்புரேட்டரும் கரண்ட்டும்

கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளையில் கம்பியோ ஊசியோ விடாதீர்கள். பித்தளை மெத்தென்றது, துளை பெரிசானால் கலவை மாறிவிடும். மெல்லிய தூண்டில் நரம்பு போதும். நம் பங்க்குகளில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது உப்ப வைக்கும், ஈரத்தையும் இழுக்கும். பெட்ரோல் குழாய், ஃப்ளோட் ஊசி, ஓ ரிங் எல்லாம் புதுசாகப் போடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரை வடித்துவிடுங்கள்.

பாயிண்ட் (கரண்ட்டைச் சேர்த்துத் துண்டிக்கும் தொடுமுனைகள்) உள்ள எஞ்சினில் அதன் இடைவெளி 0.35 மி.மீ. பக்கம். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7. மேக்னெட்டை மாட்டும்போது அரைநிலா வடிவச் சாவியைப் பாருங்கள். கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தாலும் டைமிங் தப்பும், கரண்ட் நன்றாக வந்தும் எஞ்சின் உதைத்துத் தள்ளும்.

11. முதல் உதை

ஆயிலைத் தானே எஞ்சினுக்கு அனுப்பும் ஆட்டோலூப் பம்ப் உள்ள வண்டியில் பம்ப்பின் காற்றை முதலில் வெளியேற்றுங்கள். குழாயில் ஒரு குமிழி நின்றாலும் அந்த நேரத்துக்கு எஞ்சினுக்கு ஆயில் கிடையாது. பம்ப்பை நம்பினாலும் முதல் டேங்க்கில் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் சேர்த்து ஊற்றுங்கள். பம்ப் இல்லாத வண்டிக்கு மேனுவலில் உள்ள விகிதம்தான். 1:50 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 1:25 என்றால் 40. கண்ணளவு வேண்டாம், மருந்து பாட்டில் மூடியால் அளந்து ஊற்றுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வரும். நாம் தடவிய ஆயில் எரிவதுதான், பயப்பட வேண்டாம். ஃபின் கை பொறுக்காத அளவு சூடானதும் நிறுத்தி, முழுதாக ஆறவிடுங்கள். இப்படி மூன்று முறை செய்துவிட்டு ரோட்டுக்குப் போங்கள். முதல் 500 கிலோமீட்டருக்கு ஆக்ஸிலேட்டரைப் பாதிக்கு மேல் நீண்ட நேரம் பிடிக்காதீர்கள், பின்னால் ஆள் ஏற்றாதீர்கள்.

100 கிலோமீட்டரில், எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். நடுப் பீங்கான் டிகிரி காபி நிறத்தில் இருந்தால் கலவை சரி. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் ஓட்டுவதை அங்கேயே நிறுத்தி, காற்று எங்கே உள்ளே போகிறது என்று தேடுங்கள். கறுத்து ஈரமாக இருந்தால் அவசரமில்லை, ஜெட்டையும் ஃப்ளோட் மட்டத்தையும் பாருங்கள்.

500 கிலோமீட்டர் ஆனதும் கியர் ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடியுங்கள். அளந்து ஊற்றியதை விடக் குறைவாக வந்து, வெள்ளைப் புகையும் நிற்காமல் இருந்தால் கிளட்ச் பக்கத்துச் சீல் ஆயிலைக் குடிக்கிறது. பிறகு தட்டுக்கு அடியில் காந்தத்தை ஓட்டுங்கள். மை போன்ற நுண்ணிய பொடி சேர்ந்தால் பல்சக்கரங்கள் பழகியதன் அடையாளம். ஊசி ஊசியாகத் துகள்கள் எழுந்து நின்றால், வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து கேஸைத் திறங்கள்.